வாடாமல்லி மாலையில் பட்ட ஈரம்

குச்சிங்கிலிருந்து வாட்ஸ்அப்பில் மூன்று படங்கள் வந்தன. முதல் இரண்டில் நான் அனுப்பிய பெட்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. மூன்றாவதில், உள்ளே இருந்த மாலை முழுக்க வெள்ளையாகப் பூஞ்சணம்.

மலேசியாவில், கிள்ளானில் ஓர் உலர்பூக் கடையில் பேக்கிங் பார்க்கிறேன். அதற்கு முன் பிரிக்ஃபீல்ட்ஸில் முப்பத்தோரு ஆண்டுகள் பச்சைப் பூ விற்றேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மாலைக்குரியவர் தேவி, பள்ளி ஆசிரியை. கடல் தாண்டிக் குச்சிங்கிற்கு மாற்றல் வந்திருந்தது. அது அவருடைய கல்யாண மாலை. அப்பா தன் கையால் கட்டியது. கல்யாணமான நாலாம் மாதம் அப்பா இறந்துவிட்டார். நிழலில் தொங்கவிட்டுக் காயவைத்திருந்த மாலையை மடியில் ஏந்தி, தேவி டாக்சியில் கடைக்குக் கொண்டுவந்தார்.

"அப்பா கட்டினதுல இது ஒண்ணுதான் இருக்கு, அங்கிள். பார்த்து அனுப்புங்க."

பார்த்துத்தான் செய்தேன். வாடாமல்லி 212, ரோஜா 38 என்று எண்ணி எழுதிக்கொண்டேன். ஒரு நாள் முழுக்க ஏசி அறையில் வைத்தேன். சின்ன அட்டைப்பெட்டியின் அடியில் டிஷ்யூ பேப்பர் நாலு மடிப்பு, ஒவ்வொரு வளைவுக்கும் அணைவாகச் சுருட்டிய டிஷ்யூ, மூலைகளில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் ஆறு பாக்கெட். மாலை அசையவும் கூடாது, நசுங்கவும் கூடாது. இனி மூடிப் பிளாஸ்டிக்கில் சுற்றி, பெரிய பெட்டிக்குள் பபுள் ரேப்போடு இறக்க வேண்டியதுதான் பாக்கி.

பச்சைப் பூ விற்ற கை சும்மா இருக்காது. கூடையை மூடும் முன் தண்ணீர் தெளிக்கும். மேசையில் நான் குடிக்க வைத்திருந்த தண்ணீரில் விரல்களை முக்கி, மாலைமேல் ஐந்து முறை உதறிவிட்டேன். உதறிய பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

வாசலில் கூரியர் லோரி நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, சீக்கிரம் லா. இன்னும் பதினாலு இடம் போகணும்."

வெளியே எடுத்து உலர்த்த இன்னொரு நாள் வேண்டும். சிலிக்கா ஜெல் இழுத்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு டேப் ஒட்டினேன். வெளி ஈரம் நுழையாதிருக்கத்தான் பிளாஸ்டிக்கில் சுற்றுவோம். உள்ளே இருந்த ஈரம் வெளியேறவும் அதனால் வழியில்லை. பெட்டி போய்ச் சேர ஒன்பது நாள் ஆனது.

படங்களைப் பார்த்த முதலாளி சாந்தி, தண்ணீர் பட்டதா என்று என்னிடம் கேட்டார். கப்பலில் பட்டிருக்கும் என்றேன். அட்டையில் ஈரக்கறை இல்லாததை அவரும் பார்த்தார். மேலே கேட்கவில்லை.

மறுநாள் தேவியே போன் செய்தார். தொட்டால் பூ உதிர்கிறது, நார் இற்றுவிட்டது என்றார்.

"நீங்க மனசுல வெச்சுக்காதீங்க, அங்கிள். நீங்க நல்லாத்தான் பேக் பண்ணியிருந்தீங்க."

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"ஈரம் பட்டது தெரிஞ்சும் மூடிட்டீங்களா?"

"ஆமாம்மா."

வைத்துவிட்டார். பிறகு பதினோரு முறை அழைத்தேன். எடுக்கவில்லை.

பேக்கிங் மேசையில் தண்ணீர் வைக்காதீர்கள். அப்படியும் ஒருநாள் கை தவறும். தவறினால் பெட்டியைத் திறந்து போடுங்கள், லோரியைத் திருப்பி அனுப்புங்கள். லோரி மறுநாளும் வரும். அன்றைக்கு எனக்கும் அது தெரியும்.