இரண்டாவது பற்றரி

அரசாங்க அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தால் முதல் வேலை, அதன் மூலையில் ‘கிடைத்தது’ என்று எழுதித் திகதி போடுவது. அடுத்தது பதில் எழுதுவது. பதில் தாமதமாகும் என்றால், தாமதமாகும் என்றாவது எழுதுவது. முப்பத்திரண்டு வருடம் இதைச் செய்தும், பிறரைச் செய்ய வைத்தும் ஓய்வு பெற்றவன் நான். ஆகவே ஏழு மாதத்துக்கு முன் நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரும் என்று நம்பினேன். சிரிக்க வேண்டாம்.

விஷயம் இதுதான். என் மனைவி மங்களத்தின் அக்கா பருத்தித்துறையில் இருக்கிறார். இருவரும் நேரில் பார்த்துப் பதினாறு வருடம். சண்டை நிறுத்தத்தில் யாழ்ப்பாணப் பாதை திறந்ததும் கொழும்பில் எங்கள் வெள்ளவத்தையே போய் வந்தது. இவளால் முடியவில்லை. பஸ்ஸில் இருந்தால் கால் வீங்கும். காலையும் மாலையும் இன்சுலின் வேறு... சோதனைச் சாவடி வெயிலில் ஐஸ் பிளாஸ்க் எத்தனை மணித்தியாலம் தாங்கும்?

போன வருடக் கடைசியில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. பழைய வேனின் பின் சீற்றுகளைக் கழற்றிக் கட்டில் போட்டேன். தலைமாட்டில் சின்ன ஃபிரிட்ஜ், மேலே ஒரு ஃபேன். ஆனால் வேனை நிறுத்திவிட்டு ஃபிரிட்ஜை ஓட விட்டால், திரும்ப ஸ்டார்ட் பண்ணப் பற்றரியில் ஒன்றும் மிஞ்சாது. எனவே இரண்டாவது பற்றரி. எஞ்சின் ஓடும்போது இரண்டும் சார்ஜ் ஆகும். நின்றதும் ஒரு ரிலே இரண்டையும் பிரித்துவிடும். படம் கீறியது நான். வேலை செய்தது கொட்டாஞ்சேனை அந்தோனி, வாகன மின்வேலையில் கைதேர்ந்தவர்.

“வயரை உள்ளுக்க மறைச்சாத்தான் சேர் வடிவு,” என்றார். “ஆனா மறைச்சா, குண்டு வண்டின்னு நாங்க ரெண்டு பேரும் உள்ளுக்குப் போவம்.”

மறைக்கவில்லை. எல்லா வயரும் வெளியே, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடிக்குள். ஒவ்வொன்றுக்கும் மும்மொழியில் பெயர்ச்சீட்டு. வயரை ஊருக்கே காட்டிக்கொண்டு போகும் வண்டி உலகத்தில் வேறு உண்டா?

பரீட்சார்த்தமாக ஹெந்தளை வரை போனோம். வழியில் மறித்த சிப்பாய் உள்ளே எட்டிப் பார்த்து, “மே மொனவத?” என்றான், இதெல்லாம் என்ன என்று. சீட்டுகளைக் காட்டினேன். வாசித்தான். என் சிங்களத்தில் ஓர் எழுத்துப் பிழையைக்கூடத் திருத்தினான். பிறகு, “பெட்டரி தெகக்?” இரண்டு எதற்கு என்று சொன்னேன். கடிதம் ஏதும் இருக்கிறதா என்றான். இல்லை என்றேன். சரி, போங்கள் என்று கையைக் காட்டிவிட்டான்.

வேறு யாராவது என்றால் அடுத்த கிழமையே பருத்தித்துறைக்குப் புறப்பட்டிருப்பார்கள். என் காதில் விழுந்ததோ ‘கடிதம்’ மட்டும்! வீட்டுக்கு வந்து, சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு, வயர்ப் படத்துடன், மூன்று பிரதிகளில் அனுமதி கேட்டு எழுதினேன்.

“அவன்தான் போகச் சொல்லிட்டானே சேர். பொறவு ஏன் கேக்கிறீங்க?” என்றார் அந்தோனி.

“முறை எண்டு ஒண்டு இருக்கு, அந்தோனி.”

“முறை இருக்கும் சேர். ரோட் இருக்குமா?”

அக்கா தொலைபேசியில் ஏசினார். “நீ வாறாய் எண்டு மூண்டு தரம் மெத்தையை வெயிலில போட்டிட்டனடி!” தபால்காரரின் மணி கேட்டால் மங்களம் எனக்கு முன்னே கேற்றில் நிற்பாள். ஒரு நாள் கேட்டாள், “இஞ்சாருங்கோ, காகிதம் இல்லாமலே போவமே?”

“ஓமந்தைச் சாவடியில மறிச்சால்?”

“மறிச்சால் திரும்புவம். அதுவரைக்கும் போனதுதானே?”

இன்னும் ஒரு கிழமை பார்ப்போம் என்றேன். எத்தனை தரம் அப்படிச் சொன்னேன் என்று எண்ணவில்லை.

ஓகஸ்டில், அந்தப் பாதையில் இருக்கும் முகமாலையில் ஷெல் விழத் தொடங்கியது. பாதையை மூடிவிட்டார்கள்.

பிறகு பதில் வந்தது. இரண்டே வரி. இரண்டாவது பற்றரிக்கு ஆட்சேபனை இல்லையாம். மங்களம் அதை வாங்கிக்கொண்டு போய், வேனுக்குள் கட்டிலில் இருந்து வாசித்தாள். ஃபேன் ஓடியது. ஃபிரிட்ஜ் குளிர்ந்தது. என் படத்தில் ஒரு பிழையும் இல்லை.

அவள் திருப்பித் தந்ததும், பழக்க தோஷம், மூலையில் ‘கிடைத்தது’ என்று எழுதித் திகதி போட்டேன். பாதை மூடிய மறுநாள்.