சி கட்டத்துக்கு மேலே ஒரு வரி

யாரையும் சட்டென்று நம்பும் பழக்கம் எனக்குக் கிடையாது. பட்டுக்கடைக்கு வரும் சேலையின் ஜரிகையைச் சுரண்டி, உள்ளே அசலின் சிவப்பு நூல் தெரிகிறதா, போலியின் செம்பு பல்லிளிக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். சாயங்காலம் சர்ச்சில் கொயர் பாடப் போகும்போது அந்தப் புத்தியைக் கடையிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போக முடியவில்லை.

எங்கள் கொயர் மாஸ்டர் கணக்கு வாத்தியார். யார் தப்பாகப் பாடினாலும் பேர் சொல்லித் திருத்தமாட்டார். கையைத் தூக்கி நிறுத்தி, "பி-லருந்து வாங்கப்பா" என்பார், அவ்வளவுதான். ஏ, பி, சி என்பதெல்லாம் நோட்டேஷனுக்கு, அதாவது இசைக்குறிப்புக்கு, மேலே சின்னக் கட்டத்துக்குள் இருக்கும் எழுத்துகள். பாட்டை நடுவில் நிறுத்தினால் எங்கிருந்து மறுபடி தொடங்குவது என்பதற்கு அடையாளம். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம், பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, நோட்டேஷனை அதிலேயே போடக் கற்றுக்கொண்டார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு டெனர், பேஸ், ஆல்டோ என்று ஒவ்வொரு வகைக் குரலுக்கும் தனித்தனியாக அச்சடித்த தாள் வந்தது.

தாள் அழகாகத்தான் இருந்தது. ஆனால் சி கட்டத்துக்கு மேலே ஒரு வரி: "இங்கே ஒரு குரல் இறங்குகிறது. கவனி."

யாரோ அங்கே சுருதி விட்டு இறங்குகிறார் என்று அர்த்தம். அது நான்தானோ என்று பகீரென்றது. பீடத்துப் பக்கம் இடம் போதவில்லை, பண்டிகையன்று ஒருவர் கீழே உட்கார வேண்டியிருக்கும் என்று முந்தின வாரம்தான் மாஸ்டர் சொல்லியிருந்தார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே நான் நின்று பாடும் இடம் அது. ஊரில் எனக்கு அதைவிடப் பெருமையான இடம் வேறில்லை. பேஸ் பாடுகிறவரின் தாளை எட்டிப் பார்த்தேன். அதிலும் அதே வரி. ஆல்டோ பெண்கள் தாளை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டரின் மனைவி, எங்களுக்கு மாஸ்டரம்மா, அவர் மட்டும் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

மாஸ்டரிடமே கேட்டேன்.

"அய்யோ, அது எனக்குன்னு என் தாள்ல எழுதிக்கினதுபா," என்றார். கட்ட எழுத்துகள் எல்லாத் தாளிலும் வருவதற்குக் கம்ப்யூட்டரில் ஒரு வழி இருக்கிறதாம். இந்த வரியையும் அதே வழியில் போட்டுவிட்டாராம், அதுவும் கூடவே எல்லாத் தாளுக்கும் போய்விட்டதாம். கணக்கு வாத்தியார் சொல்வது கோர்வையாகத்தான் இருந்தது. அதனாலேயே நான் நம்பவில்லை.

"யாருன்னு மட்டும் சொல்லிடுங்க மாஸ்டர்."

அவர் ஹார்மோனியத்தைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒத்திகை ஒத்திகையாகவே இல்லை. சி வந்தால் போதும், பக்கத்து ஆளை அமுக்குகிற மாதிரி எல்லாரும் கத்தினோம். என்னோடு டெனர் பாடியவர் பிள்ளையார்பாளையத்தில் நூலுக்குச் சாயம் போடுகிறவர். "தொண்டை எப்படி இருக்குதுபா?" என்று என்னைக் கேட்டார். அக்கறையாம்! பதிலுக்கு நான் அவர் தொண்டைக்கென்று இஞ்சி மிட்டாய் ஒன்றை நீட்டினேன். அவர் முகம் கறுத்துப் போனது.

பண்டிகைக் காலையில் யாரையும் கீழே உட்கார வைக்க மாஸ்டருக்கு மனசு வரவில்லை. இடித்துக்கொண்டு நின்றோம். இன்றைக்குக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு நாளைக்குக் கழற்றிவிடத்தான் இந்தத் திட்டம் என்று எனக்குப் பட்டது. அதனால் சி வந்ததும் வாயை மட்டும் அசைப்பது என்று முடிவு செய்தேன். பாடாதவனை யார் என்ன சொல்ல முடியும்?

ஏ போனது, பி போனது. சி வந்தது. வாயை அசைத்தேன். பக்கத்தில் சாயக்காரரும் அசைத்தார். பேஸ், ஆல்டோ, எங்கும் சத்தமில்லை. அந்தக் குரல் தன்னுடையதுதான் என்று ஒவ்வொருவரும் உள்ளுக்குள் பயந்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு குரல் மட்டும் வந்தது. முன் வரிசையில் மாஸ்டரம்மா. அவருக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம், தாளைப் பார்க்கிற வழக்கமே கிடையாது. கண்ணை மூடி, உருகி, ஹார்மோனியத்தின் சுருதியைவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் தன் மனைவியைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. அடித்தொண்டையிலிருந்து பாடினேன். சாயக்காரரும் பிடித்துக்கொண்டார். அடுத்த அடிக்குள் எல்லாரும் சேர்ந்து அந்த அம்மாவின் குரலை மூடிவிட்டோம்.

ஆராதனை முடிந்து கேக் கொடுக்கும்போது மாஸ்டரம்மா எங்களைப் பிடித்துக்கொண்டார். "என்னப்பா, சி-ல எல்லாரும் அப்படியே நின்னுட்டீங்க? நான் ஒருத்தி பாடிக்கினு இருந்தனோ, மானம் தப்பிச்சுதோ!"

நாங்கள் கேக்கை வாயில் அடைத்துக்கொண்டோம்.

"ஆமாம்மா, நீதான் காப்பாத்துன," என்றார் மாஸ்டர், எங்களில் ஒருவர் முகத்தையும் பார்க்காமல்.