கட்டுப் போட்ட கண்ணும் திறந்து கிடந்த என்ஜினும்

தின்னர் வாசனையும் கண் மருந்து வாசனையும் கலந்து அடித்த அந்தக் காலை நேரம் இன்றும் என் மூக்கில் இருக்கிறது...

அப்போது நாங்கள் வெண்ணந்தூரில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்குச் சொந்தமாக ஒரு பழைய லாரி. தோட்டங்களில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றி, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளில் இறக்குவார். கிழங்கு பிடுங்கும் சமயம் வந்துவிட்டால் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடக்கூட நேரம் இருக்காது.

அப்படி ஒரு லோடோடு வரும்போது ராசிபுரம் ரோட்டில் என்ஜின் கொதித்துவிட்டது. என்ஜினின் அடிப்பாகமான பிளாக்குக்கும் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருந்தது. அது தெரியாமல் இவர் அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்திருக்கிறார். கொதிநீர் முகத்தில் அடித்துவிட்டது.

சேலத்தில் கண் டாக்டர் இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டார். "வலது கண்ணு தேறிடும். இடது கண்ணை இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் இவரிடம் சொல்லவில்லை. ஆனால் இவருக்குத் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். சோற்றை ஊட்டினால் இரண்டு வாய் வாங்குவார், போதும் என்பார். கைக்குழந்தை அழுதாலும் திரும்ப மாட்டார்.

மெக்கானிக் தங்கவேலண்ணன் லாரியை எங்கள் வாசலுக்கே இழுத்து வந்து, ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொடுத்திருந்தார். அதற்குள் அவருடைய அப்பா தவறிவிட்டார். காரியம் முடியாமல் அவர் வர முடியாது. போனில் அவரே சங்கடப்பட்டார்.

"பிளாக்கை மட்டும் யாராச்சும் சுத்தம் பண்ணி வெச்சாங்கன்னா, நான் வந்தன்னிக்கே ஹெட்டை ஏத்திப்போடலாமுங்க."

போனை வைத்துவிட்டு இவரிடம் போய் நின்றேன்.

"ஏனுங்க, பிளாக்கை எப்படிச் சுத்தம் பண்றது? சொல்லுங்க, நான் பண்றேன்."

சுவர்ப் பக்கமிருந்து திரும்பி எழுந்து உட்கார்ந்தார். அப்புறம் கையை நீட்டினார். "என்னைய அங்க கூட்டிட்டுப் போ."

கைத்தாங்கலாக ஏற்றி அவருடைய டிரைவர் சீட்டிலேயே உட்கார வைத்தேன். அந்த லாரியில் என்ஜின் கேபினுக்குள்ளேயே, சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். மூடியை எடுத்தால் குனிந்து வேலை பார்க்கலாம். உட்கார்ந்ததும் கை தானாக ஸ்டியரிங்கைத் தேடியது... பிடித்துப் பார்த்துவிட்டு உடனே விட்டுவிட்டார்.

"மொதல்ல சிலிண்டருக்குள்ள துணியைத் திணி. ஒரு துளி மண்ணு உள்ள உழுகக் கூடாது."

பழைய கேஸ்கெட் கருகி, பிளாக்கின் மேல் முகத்தில் பிசின் போல ஒட்டியிருந்தது. மழுங்கின தகட்டால் சுரண்டினேன். கீறல் விழக் கூடாதென்று தகட்டைப் படுக்கவைத்தே இழுக்கச் சொன்னார். தின்னர் தொட்டுத் துடைத்தேன். பளிச்சென்று ஆகிவிட்டது என்று நினைத்தேன். இவர் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். நகத்தால் மெல்லத் தடவிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார்.

"இங்க மேடா இருக்குது."

எனக்குக் கண்ணில் தெரியவே இல்லை. நான் பார்ப்பதைச் சொல்ல, அவர் தொடுவதைச் சொல்ல... வெயில் ஏறும்வரை அப்படியே போனது.

"போல்ட்டு ஓட்டை எல்லாத்துலயும் துணி உட்டுப் பாத்தியா?"

பார்த்துவிட்டேன் என்றேன். ஓட்டைகளை எண்ணச் சொன்னார்; கடைசியில், கேபின் சுவரை ஒட்டியிருந்த ஒன்றை நான் விட்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. கம்பியில் துணி சுற்றி விட்டால் சொதசொதவென்று தண்ணீர்.

"நல்லவேளை. தண்ணி நிக்கிறப்ப போல்ட்டை முடுக்கினா, அது போறதுக்கு எடமில்லாம பிளாக்கையே ஒடச்சுப்போடும்" என்றார்.

நான் குனிந்து துணியைத் திரும்ப விட்டேன். அப்போதுதான் கேட்டார். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"எனக்குக் கண்ணு வராட்டி என்ன பண்ணுவ, செல்வி?"

எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு வாய் வரவில்லை.

"தெரியலீங்க. இப்போதைக்கு இந்த ஓட்டையைத் தொடைக்கோணும்."

கையை நீட்டி அந்த ஓட்டையின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு, "சரி, தொடை. நல்லா அடி வரைக்கும் உட்டுத் தொடை" என்றார். அன்று மத்தியானம் தட்டை வாங்கித் தன் கையாலேயே பிசைந்து சாப்பிட்டார்.

தங்கவேலண்ணன் மொட்டைத் தலையோடு வந்தார். பிளாக்கின்மேல் இரும்பு ஸ்கேலை வைத்து, மேடு பள்ளம் இருக்கிறதா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குனிந்து பார்த்தார். நேராகப் புது கேஸ்கெட்டைப் பிரித்தார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. ஹெட் ஏறியது. என்ஜின் ஓடியது. லாரி வேறு டிரைவரோடு கிழங்குக்குப் போனது.

கட்டுப் பிரித்தபோது வலது கண் தெரிந்தது. இடது கண் வரவே இல்லை. இவர் மறுபடி லாரி ஓட்டவில்லை. சில வருடம் கழித்து அதை விற்றுவிட்டுச் சேலத்துக்கு வந்துவிட்டோம்.

இப்போது மகனிடம் கார் இருக்கிறது. அஸ்தம்பட்டியில் சர்வீசுக்கு விட்டால் கண்ணாடி ரூமில் உட்கார வைத்து டீ கொடுக்கிறார்கள். பானெட்டைத் திறப்பதைக்கூட நாம் பார்ப்பதில்லை. வசதிதான், குறை சொல்லவில்லை.

வெளியே வந்து ரோட்டைக் கடக்கும்போது நான் இவருக்கு இடப்பக்கமாகப் போய் நின்றுகொள்வேன். "பஸ் வருது, நில்லுங்க" என்பேன். சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்கும்.

இருந்தாலும் நான் சொல்லும்வரை நிற்பார்.