வெர்டி வீட்டுக்குள் விடாத மாத்திரை

டாக்டர் எழுதிக் கொடுத்த எந்த மாத்திரையும் வெர்டி ஃப்ரேலியின் வாசற்படியைத் தாண்டக் கூடாது. மகன் லோவெல் செத்த வாரத்தில் அவள் போட்ட சட்டம் அது. பல்வலிக்கு வாங்கியது, இருமலுக்கு வாங்கியது என்று வீட்டில் கிடந்த குப்பிகளையெல்லாம் வாரி அடுப்பில் போட்டாள். கணவன் ஹோபர்ட்டின் ரத்த அழுத்த மாத்திரையும் அதோடு போயிற்று.

"அது வேறடி," என்று ஹோபர்ட் சொல்லிப் பார்த்தான்.

"எல்லாம் அந்தக் கோட்டு போட்ட கூட்டம் எழுதினதுதானே?" என்றாள்.

ஹிக்கரி ஓடைப் பள்ளத்தாக்கில் அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. கென்டக்கியின் நிலக்கரி மலைகளுக்கு நடுவே, கம்பெனி கட்டிக் கொடுத்த பலகை வீட்டில் பிறந்தவள். சுரங்கக்காரன் ஹோபர்ட்டைக் கட்டிக்கொண்டு, தலை நரைக்கும்வரை பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். பிள்ளைகளுக்குப் பீன்ஸைக் குறைத்துப் போடச் சொன்ன அதிகாரியைக் கரண்டியும் கையுமாகக் கார் வரைக்கும் துரத்தினவள். அந்தக் கோபத்தை ஊர் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. லோவெல்லுக்குப் பிறகு வந்த கோபம் வேறு மாதிரி. அவள் வந்தாலே பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து போனார்கள். சுவரிலிருந்து மகனின் படத்தைக் கழற்றி வைத்தவள், அவன் பெயரைச் சொல்வதையும் அதோடு நிறுத்திவிட்டாள்.

லோவெல்லுக்கு வந்தது வெறும் சுளுக்கு. சுரங்கத்துக்குள் கனமான கேபிளைத் தூக்கியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. வெந்நீர் ஒத்தடமும் நாலு நாள் படுக்கையும் போதும். ஆனால் டவுனில் புதிதாக ஒரு வலி கிளினிக் திறந்திருந்தார்கள். வாசலில் திருவிழாக் கூட்டம் மாதிரி வண்டிகள் நிற்கும். அந்த டாக்டர் அவன் முதுகைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டார். ஏழு என்றான். புற்றுநோய்க்காரர்களுக்குக் கொடுக்கிற அபின் வகை மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டார். "பயப்படாதே தம்பி, நிஜமா வலி இருக்கறவனுக்கு இது பழக்கமாகாது," என்று முதுகில் தட்டிச் சிரித்தாராம். தொட்டது அப்போதுதான்.

அந்த ஆள் பிறகு ஜெயிலுக்குப் போனான் என்று சொல்கிறார்கள். போகட்டும். போவதற்குள் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு ஒரு பிணம் விழுந்துவிட்டது.

ஹோபர்ட்டின் மரம் அறுக்கிற மெஷின் காணாமல் போனது. வெர்டியுடைய அம்மா உடையில் குத்திக்கொள்கிற வெள்ளி ஊசி காணாமல் போனது. கடைசியாக லோவெல் வீட்டுக்கு வந்த அன்று, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். முகம் வேர்த்திருந்தது.

"முதுகு உயிர் போகுதும்மா. இன்னொண்ணே ஒண்ணு, அதுக்கு மட்டும் வழி பண்ணும்மா."

"உங்கப்பன் மேல சுரங்கத்துக் கூரையே விழுந்துச்சு. ரெண்டு தூளைக் கொட்டிக்கிட்டு மறுபடி வேலைக்குப் போனான். நீயும் ஒரு தூளைப் போட்டுக்கிட்டுப் போய்ப் பொழைக்கிற வழியப் பாரு. போடா, திருட்டு நாயே!"

அவன் போனான். சர்ச்சுக்குப் பின்னால் நிறுத்தியிருந்த வண்டியில்தான் அவனைப் பிணமாகக் கண்டெடுத்தார்கள், பக்கத்தில் மாத்திரைக் குப்பி.

அவள் சொன்ன தூள் கடையில் கிடைக்கிற தலைவலித் தூள். மெழுகுத்தாளில் மடித்து, சின்னப் பெட்டியில் அடுக்கி விற்பார்கள். தாளைப் பிரித்து, நாக்கில் அப்படியே கொட்டிக்கொண்டு, மேலே ஒரு வாய் சோடா. சுரங்கத்தில் நுழைகிறவன் தலையில் விளக்கை மாட்டுவதற்கு முன்னால் ஒன்றைக் கொட்டிக்கொள்வான், சாப்பாட்டுத் தூக்கில் நாலைந்தைப் போட்டுக்கொள்வான். ஹோபர்ட்டின் அப்பா போட்டார், அவருடைய அப்பாவும் போட்டார். டாக்டர் சீட்டு வேண்டாம், யாரையும் கெஞ்ச வேண்டாம். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், மிட்டாயோடு மிட்டாயாக இருக்கும். மிட்டாய்க்குப் பக்கத்தில் வைத்து விற்கிற சாமான் ஆளைக் கொல்லும் என்று எவன் நினைப்பான்?

ஹோபர்ட்டின் முதுகெலும்பு கூரை விழுந்த நாளிலிருந்தே கோணல். வயதாக ஆக வலியும் கூடியது. விழித்ததும் ஒரு தூள், கறுப்புக் காப்பியோடு ஒன்று, வெறும் வயிற்றில் ஒன்று. வெர்டியே பெட்டி பெட்டியாக வாங்கிப் போட்டாள். "என் வீட்ல நல்ல மருந்துதான் இருக்கு," என்று நாத்தனார் நெல்டாவிடம் பெருமையடித்தாள்.

லோவெல் போன பிறகு ஒரு வசந்தத்தில் ஹோபர்ட் தொட்டியில் குனிந்து வாந்தியெடுக்க ஆரம்பித்தான். கறுப்பாக, பொடிப்பொடியாக வந்தது. கக்கூஸிலும் தார் மாதிரி கறுப்பு.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் அலறியடித்துக்கொண்டு ஓடியிருப்பான். இங்கே கறுப்பைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. ஆயுள் முழுக்கக் கறுப்பாகக் காறித் துப்பியவன், தலையணை உறையைக்கூடக் கறுப்பாக்கியவன் ஹோபர்ட்.

"கரிடி," என்றான் வாயைத் துடைத்துக்கொண்டு. "உள்ள எவ்வளவு கெடக்குதோ! கம்பெனிக்குத் தெரிஞ்சா வந்து தோண்டிட்டுப் போயிடுவான்."

"வெளிய வந்தா நல்லதுதானே. வயிறு சுத்தமாகட்டும்," என்றாள் வெர்டி. வயிறு எரிகிறது என்றபோது மோர் கொடுத்தாள். எரிச்சலும் வலிதானே என்று அதற்கும் ஒரு தூளை அவளே பிரித்துக் கொடுத்தாள்.

வாசலில் இருவரும் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஹோபர்ட் எழுந்து நின்றான். முகம் காகிதமாக வெளுத்தது. வாசல் படிகளில் உருண்டு விழுந்தான். இடுப்பு எலும்பு முறிந்த சத்தம் அவளுக்குக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள், வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், இடுப்புக்கு ஆணி அடித்தார்கள். டாக்டர் நேப்பியர் பக்கத்து மலைக்காரி. தூங்கி எத்தனையோ நாள் ஆனவள் மாதிரி இருந்தாள்.

"வயித்துல புண்ணும்மா. அதுலேர்ந்து ரத்தம் கசிஞ்சிருக்கு. வயித்துக்குள்ள போன ரத்தம் கறுத்துடும்."

"அது கரி," என்றாள் வெர்டி.

"கரி நெஞ்சுலதான் தங்கும், வயித்துல இல்ல. இது ரத்தம். அந்தத் தூள் அரிச்சது. ஒரு நாளைக்கு எத்தனை போடுவார்?"

"வலிக்கறப்பல்லாம்."

"பெட்டியில அளவு போட்டிருக்கே."

"மிட்டாய்க்குப் பக்கத்துல வெச்சு வித்துட்டு, எழுத்தைப் படின்னு எங்கிட்ட சொல்றியா?" வெர்டியின் குரலுக்கு அந்த வராந்தாவே திரும்பிப் பார்த்தது. "எங்களுக்கு நல்லதுன்னு ஒண்ணையாவது எவனாவது வித்திருக்கானா?"

டாக்டர் அடுத்ததைச் சொன்னாள். இனிமேல் தூள் வாசனைகூடப் படக் கூடாது. வயிற்றுக்கு மாத்திரை உண்டு. வலிக்கு அளவோடு பாராசிட்டமால். ஆனால் இந்த வலிக்கு அது மட்டும் போதாது. சில வாரத்துக்கு, நடக்கிற நேரத்துக்கு மட்டும், பெரிய மாத்திரை. அதன் பெயரைச் சொன்னாள். லோவெல்லின் வண்டியில் கிடந்த குப்பியில் இருந்த அதே பெயர்.

வெர்டி எழுந்து நின்றாள். "எம் பையன் முதுகத் தொட்டுக்கூடப் பாக்காம குடுத்தீங்களே, அந்த மாத்திரை. பழக்கமாகாதுன்னு சொன்னீங்களே!"

"எனக்கும் படிக்கறப்ப அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க."

"ரொம்ப நல்லா சொல்லிக்குடுத்தாங்க. சர்ச்சுக் கல்லறைத் தோட்டத்துல புதைக்க இடமில்ல, போய்ப் பாரு!"

"அன்னிக்குச் சுளுக்குக்குக் குடுத்தாங்க. அது அக்கிரமம்," என்றாள் டாக்டர். அவள் குரலும் சூடாகிவிட்டது. "இது உடைஞ்ச எலும்பு. வலிக்குதுன்னு இவர் படுத்தே கெடந்தா, கரி அடைச்ச நெஞ்சுல சளி கட்டி, பனி விழறதுக்குள்ள போயிடுவார். எழுந்து நடக்கணும். இதில்லாம நடக்க முடியாது. நீங்களே சொல்லுங்க, நான் என்ன எழுதட்டும்?"

கட்டிலில் ஹோபர்ட் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். பல்லைக் கடித்ததில் தாடை துடித்தது. வெர்டிக்கு அங்கிருந்த கண்ணாடியையெல்லாம் உடைக்க வேண்டும் போலிருந்தது. கடைசியில், "எழுது. நாசமாப் போ," என்றாள்.

குப்பியை வீட்டில் எங்கே வைப்பதென்று அவள் யோசிக்கவே இல்லை. சமையல் அங்கியின் பைக்குள் போட்டுப் பையின் வாயை ஊக்கால் குத்திக்கொண்டாள். படுக்கும்போதும் அங்கியைக் கழற்றவில்லை. ஆப்பிள் வைத்துப் 'பை' என்கிற பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு நலம் விசாரிக்க வந்த நெல்டா, வந்ததும் வராததுமாகக் குளியலறைக்குப் போனாள். கண்ணாடி அலமாரி கிறீச்சிட்டது. துக்க வீடோ நோயாளி வீடோ, பள்ளத்தாக்கில் எல்லாரும் மாத்திரைக்காக முதலில் திறந்து பார்க்கிற அலமாரி அது.

"என்னடி தேடற? அதுல சோப்புதான் இருக்கு, எடுத்துக் குளி!" என்று வெர்டி கத்தினாள்.

"தலைவலிக்கு ஏதாவது இருக்கான்னு பாத்தேன் அண்ணி..."

"ஆப்பிள் பை நல்லாருக்கு. நீ கெளம்பு."

மாத்திரை போட்ட முதல் நாள் ஹோபர்ட் ஆஸ்பத்திரியில் கொடுத்த நாலுகால் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை வந்தான். நாற்காலியில் உட்கார்ந்து, மோரில் சோளரொட்டியைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டான். அவன் நெற்றி சுருங்காமல் இருந்து அவள் பார்த்தே பல வருடமாகிவிட்டது. அவளுக்கு அதைப் பார்க்கவும் ஆத்திரம். இவ்வளவு நன்றாக வேலை செய்கிற மருந்தையா சுளுக்குப் பிடித்த பிள்ளைக்குச் சுண்டல் மாதிரி அள்ளிக் கொடுத்தான்கள்?

மூன்றாவது வாரம் ஆரம்பித்தபோது டாக்டர் அளவைக் குறைக்கச் சொன்னாள். காலையில் ஒன்றைக் கொடுத்தாள் வெர்டி. மத்தியானத்துக்குப் பாராசிட்டமால் மட்டும். சாயங்காலம் ஹோபர்ட் கூப்பிட்டான்.

"வெர்டி. முதுகு உயிர் போகுதுடி. இன்னொண்ணே ஒண்ணு குடேன்."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அதே வார்த்தை. குரலில் அதே குழைவு. திரும்பிப் பார்த்தாள். முகம் வேர்த்திருந்தது, கண் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அங்கிப் பையைப் பார்த்தது. கூரை விழுந்தபோதுகூட வாய்விட்டு அழாத மனிதன். அடுத்தவன் சாமானைத் தொடாதவன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். இவனையே இரண்டு வாரத்தில் இப்படிக் கெஞ்ச வைக்கிறதென்றால், மாதக்கணக்கில் அள்ளி அள்ளிக் கொடுக்கப்பட்ட அந்தப் பிள்ளை என்னதான் செய்திருப்பான்? அவனிடம் ஒரு தூளைப் போட்டுக்கொண்டு போகச் சொன்னோமே.

அவள் தொட்டியைப் பிடித்துக்கொண்டாள். தான் கேட்டது ஹோபர்ட்டின் காதிலும் விழுந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டான்.

"அவனும் இப்படித்தானே கேட்டான்," என்றான்.

"ஆமாய்யா," என்றாள் வெர்டி. "லோவெல் இப்படித்தான் கேட்டான்."

அந்தப் பெயர் அந்த வீட்டில் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நடைச்சட்டத்தை அவன் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"மாத்திரை கெடையாது. ஆனா உன்னைத் தனியா விட மாட்டேன். எந்திரி."

கோழிக்கூடு வரைக்கும் போனார்கள். ஒவ்வொரு அடிக்கும் அவன் முனகினான், ஒவ்வொரு முனகலுக்கும் அவள் திட்டினாள். வலி கிளினிக்காரனைத் திட்டினாள், அவனுக்கு மாத்திரையைச் செய்து அனுப்பியவனைத் திட்டினாள், மிட்டாய்க்குப் பக்கத்தில் தூளை அடுக்கியவனைத் திட்டினாள். கரியையும் கம்பெனியையும் திட்டினாள். தன்னையும் சேர்த்தே திட்டிக்கொண்டாள். கோழிகள் பயந்து கூட்டுக்குள் ஓடின. வீடு திரும்பும்வரை அவள் வாய் ஓயவில்லை. லோவெல்லை மட்டும் ஒரு வார்த்தை திட்டவில்லை.