மூடி போட்ட தணல்

ரங்கூன் விழுந்துவிட்டது என்று பேப்பரில் வந்த வாரத்திலிருந்து மயிலாப்பூரில் வீட்டுக்கு வீடு பூட்டுத் தொங்க ஆரம்பித்தது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஆளாளுக்கு மூட்டை கட்டிக்கொண்டு எழும்பூர் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். சாந்தோமில், மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த எங்கள் சந்தில் கடைசியில் மிஞ்சியது அம்மாவும் நானும்தான். என் அண்ணன் ரங்கூனில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலையாக இருந்தான். கிறிஸ்மஸுக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாது. அம்மா மட்டும் நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

“அவன் வந்து கதவத் தட்டறப்போ பூட்டு தொங்குனா, புள்ள எங்கடி போவான்?”

எனக்கு ஆத்திரமாக வரும். நான் பள்ளிக்கூட டீச்சர்; யாரைக் கண்டாலும் திருத்தத் தோன்றும். ஆனாலும் கட்டி வைத்த மூட்டையை நானே அவிழ்த்துப் போட்டேன்.

அண்ணன் கடைசியாக லீவில் வந்தபோது, துறைமுகத்தில் கழித்துப்போட்ட உருண்டையான இரும்புச் சட்டி ஒன்றை மூடியோடு தூக்கிக்கொண்டு வந்தான். அடியில் ஒரு ஓட்டை, மூடியில் ஒரு ஓட்டை போட்டு, இரண்டுக்கும் நகர்த்தி மூடுகிற மாதிரி தகரம் வைத்தான். உள்ளே ஒரு கம்பித் தட்டு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் விரல் தடிமனுக்கு நறுக்கிய மாட்டிறைச்சித் துண்டங்களை அதில் போட்டுச் சுடுவான். கப்பல் சமையல்காரன் ஒருவனிடம் கற்றுக்கொண்ட வித்தை. தணலைப் பரப்பக் கூடாது, ஒரு பக்கமாகக் குவிக்க வேண்டும். மேலே வெள்ளையாகச் சாம்பல் படியும்வரை பொறுக்க வேண்டும். குவியலுக்கு நேர்மேலே இரண்டு புறமும் முறுகவிட்டு, பிறகு தணல் இல்லாத பக்கம் தள்ளி மூடியைப் போட்டுவிட்டால் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். நான் மூடியைத் தொட்டால் கையிலேயே ஒன்று வைப்பான்.

“தூக்கித் தூக்கிப் பாத்தா கரிதான் வீணாப் பூடும். சும்மா குந்து.”

வெந்ததும் இடுக்கியால் மூடியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் திறப்பான். ஏன் என்று கேட்டால், “உள்ள இருக்கறவருக்குச் சொல்லிட்டுத் தொறக்க வேணாமா?” என்பான். அவனுடைய கிண்டலில் அதுவும் ஒன்று. சாப்பாடு முடிந்ததும் இரண்டு ஓட்டையையும் அடைத்துவிட்டால் காற்று இல்லாமல் தணல் அணையும். மிச்சக் கரி அடுத்த ஞாயிற்றுக்கு ஆகும்.

அவன் போன பிறகு அம்மா அதையெல்லாம் அப்படியே செய்தாள். செய்துதான் ஆக வேண்டும். பெட்ரோல் இல்லாமல் பஸ்களின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. கச்சேரி ரோடு கரிக்கடைக்காரரிடம் போய் நின்றால், “பஸ்ஸே கரி துன்னுது, ஒனக்கு நான் இன்னாத்தம்மா குடுக்கறது?” என்று தூளாகக் கொஞ்சம் அள்ளிப் போடுவார்.

அண்ணன் எப்போது ஊருக்கு வந்தாலும் சாயங்காலமாகத்தான் வருவான். அதனால் அம்மா இறைச்சி சுடுவதைச் சாயங்காலத்துக்கு மாற்றினாள். கொல்லையில் தணலைக் கண்டு, குண்டுவீச்சுக் காவலுக்குத் தெருவில் சுற்றும் ஏ.ஆர்.பி. ஆள் விசில் ஊதிக்கொண்டு வந்துவிட்டான். இருட்டடிப்பு நேரத்தில் நெருப்பா என்று சத்தம். மறுவாரம் அம்மா சட்டியைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டாள். ஜன்னலில் கறுப்புக் காகிதம் ஏற்கெனவே ஒட்டியிருந்தது. கதவின் அடியில் கோணிப்பையைச் செருகினாள். கரியை மிச்சம் பிடிக்க இரண்டு தகரத்தையும் முக்கால்வாசி மூடி, தணலைச் சாகவும் விடாமல் எரியவும் விடாமல் வைத்துக்கொண்டாள். தரையில் மூன்று தட்டு இருந்தது.

நான் கோயிலில் செபமாலை முடிந்து வந்தபோது அம்மா வெளியே உட்கார்ந்திருந்தாள். முகம் கல்யாணப் பெண் மாதிரி சிவந்து, பளபளவென்று இருந்தது.

“வந்தாண்டி,” என்றாள். “உள்ள அந்த மூலைல குந்திக்கினு இருந்தான். நல்லா சாப்ட்டான்.”

கதவருகில் நின்று மூன்றாவது தட்டைப் பார்த்தேன். துண்டம் அப்படியே ஆறிக் கிடந்தது. அம்மாவுக்கு வயதாகிறது, ஏக்கம் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் சமையலறைக்குள் போகக் கால் வரவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைவரை அவளால் காத்திருக்க முடியவில்லை. இறைச்சி இல்லாத நாட்களிலும் சட்டியில் தணல் இருந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிறது என்றாள். ஜன்னலைத் திறந்துவை என்று சொன்னதற்குப் பயந்துபோய் என் வாயைப் பொத்தினாள்.

“தொறந்தா அவன் வர்றதில்லடி.”

அம்மா அந்த அறையை அவனுக்காக ஒரு பெட்டி மாதிரி அடைத்துக்கொண்டு வந்தாள். நாளுக்கு நாள் காகிதத்தின் மேல் காகிதம், இடுக்குக்கெல்லாம் துணி.

அந்தச் சாயங்காலம் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச்சுக் குரல் கேட்டது. அம்மா ஏதோ கேட்கிறாள், நிறுத்துகிறாள், பதில் வந்த மாதிரி மெல்லச் சிரிக்கிறாள். கோணியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். கதவு பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. இருட்டு. மூடியின் ஓட்டையில் மட்டும் சிவப்பாக ஒரு கீற்று. அம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். “இப்டி குந்து, அண்ணன் பேசிக்கினு கீறான்,” என்றாள். அவளைத் திட்டி எழுப்பத்தான் போனேன். எதிரில் உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. தலைக்குள் கடல் இரைந்தது, அல்லது வெளியே கடல்தானோ.

அப்போது இரும்பில் இரண்டு தட்டு கேட்டது. அந்தச் சிவப்பில் பார்த்தேன்: இடுக்கி ஆணியில் மாட்டியிருந்தது. அம்மாவின் இரண்டு கையும் மடியில் இருந்தன.

எனக்குப் பயமே வரவில்லை. நினைத்தால் அதுதான் இப்போதும் நடுக்குகிறது. அண்ணன் வந்துவிட்டான், இனிக் கவலை இல்லை என்று அவ்வளவு நிம்மதியாக இருந்தது. மூடியைத் திறக்கலாமா என்று அவனிடம்தான் கேட்க நினைத்தேன். நாக்குப் புரளவில்லை.

மேலேயிருந்து ஏதோ பொத்தென்று என் மணிக்கட்டில் விழுந்தது. பல்லி. அசையவில்லை. செத்த பல்லியின் குளிர்ச்சி கையில் பட்டதும் அலறினேன். தவழ்ந்துபோய் ஜன்னல் காகிதத்தைப் பிய்த்தேன், கதவைத் தள்ளினேன். தெருவிலிருந்து விசில் சத்தம், “யார்ரா அங்க சத்தம்!” என்று அதட்டல். அந்த ஏ.ஆர்.பி. ஆள்தான் ஓடி வந்து அம்மாவைக் கொல்லைக்குத் தூக்கிப் போனான். அவனை அதுவரை எத்தனையோ தடவை வைதிருக்கிறேன். அன்றைக்குக் காலில் விழாத குறை.

மண்ணில் படுத்து வாந்தியெடுத்துவிட்டு அம்மா கண்ணைத் திறந்தாள். வானத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“அவனத் தொரத்திட்டியேடி, பாவி,” என்றாள்.

அடைத்த அறையில் குமைகிற கரியின் விஷம் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் இரண்டு பேரும் போயிருப்போம் என்று டாக்டர் சொன்னார். எனக்கு அது புரிந்தது. அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அம்மா மறுபடி தணல் போட்டு மூடிவைக்காதபடி, மறுநாளிலிருந்து அந்த மூடியைத் துணியில் சுற்றிப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். இரும்பு மூடியோடு வகுப்புக்கு வந்த டீச்சர் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை. பிள்ளையைக் கொன்றவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

மழைக்காலம் தொடங்கியபோது அண்ணன் வந்தான். பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்தே வந்தவர்களில் ஒருவன். காய்ச்சலில் மயிரெல்லாம் கொட்டி, சட்டைக்குள் எலும்பு மட்டும் இருந்தது. கதவைத் தட்டினான், பூட்டு இல்லை. அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் எனக்கும் உயிர் வந்தது. என் மேல் இருந்த கோபமும் அன்றோடு தீர்ந்துவிடும் என்று நினைத்தேன்.

மழை விட்ட ஒரு ஞாயிறு, நல்ல வெயிலில், கொல்லையில் அண்ணன் தணல் குவித்தான். மூடியைக் கொண்டுவந்து கொடுத்தேன். அம்மா இறைச்சியை வெட்டித் தட்டில் அடுக்கினாள். நான்கு துண்டம்.

“மூணு பேர்தானம்மா,” என்றேன்.

அவள் நிமிரவில்லை. உப்பைத் தடவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்:

“இவன் வந்துட்டான், சரி. அத்தினி நாளு எனக்குத் தொணையா குந்திக்கினு இருந்தானே, அவன் எங்க போவான்?”

அண்ணன் சிரிக்க வாயெடுத்து என் முகத்தைப் பார்த்தான். பிறகு சிரிக்கவில்லை. நான்காவது துண்டத்தையும் கம்பித் தட்டில் வைத்து மூடியைப் போட்டான்.

இன்னொரு தட்டு எடுக்க நான் உள்ளே போனேன். சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் திறந்தேன்.