பங்கு போடத் தக்க சக்கை

வக்கீல் வாயிலிருந்து அந்த ஆங்கில வார்த்தை முதன்முதலில் வந்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. "உங்க அப்பாவுக்க விளை பார்ட்டிபிள் ஆக்கும்," என்றார். பங்கு போடத் தக்கது என்று அர்த்தமாம். அதைச் சொல்ல இத்தனை பெரிய வார்த்தையா? அப்பா போன பிறகு, விளை என்று நாங்கள் சொல்லும் அந்தத் தோட்டத்துக்காக அண்ணனும் நானும் நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம். பாறசாலையில் ஒரே தெருவில்தான் இருவர் வீடும். பேச்சு மட்டும் இல்லை.

வார்த்தை என்னோடு ஒட்டிக்கொண்டது. வீட்டில் தோசை பார்ட்டிபிள், டிவி ரிமோட் பார்ட்டிபிள் இல்லை. "நீயும் உனக்க அண்ணனும் எப்படி?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். முறைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். உள்ளே போய்த்தான் நெஞ்சு வலித்தது.

விளையின் நடுவில் ஒரு வருக்கைப் பலா நின்றது. பலாப்பழத்தை நாங்கள் சக்கை என்போம். அந்த மரத்தின் முதல் சக்கை வருடந்தோறும் எங்கள் சர்ச் சபையின் பண்டிகை ஏலத்துக்குப் போகும். அப்பா விடாமல் நடத்திய வழக்கம் அது. இந்த வருடம், கேஸ் முடியும்வரை யாரும் காய் பறிக்கக் கூடாது என்று கோர்ட் தடை போட்டுவிட்டது. ஆனாலும் பண்டிகையன்று ஏல மேசையில் எங்கள் சக்கை இருந்தது. தானாக விழுந்ததை அண்ணன் தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

அப்பாவின் சக்கை அடுத்தவர் வீட்டுக்குப் போகக் கூடாது என்று ஏலத்தில் கேட்டேன். அண்ணன் கூட்டிக் கேட்டான். விடுவேனா? நானும் கூட்டினேன். அவனும் விடவில்லை. ஏலம் போட்டவர் சிரித்துவிட்டார்.

"உங்க சக்கைய நீங்களே எடுக்கவா மக்கா இந்த அடி?"

சபையே சிரித்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. அண்ணன் தலை குனிந்துகொண்டு, கேட்பதை நிறுத்தினான். சக்கை எனக்கு விழுந்தது.

எடுத்துவிட்டேனே தவிர, அதைத் தூக்க முடியவில்லை. அவனே வந்து தூக்கி முற்றத்தில் வைத்தான். பண்டிகைச் சாப்பாடான அசனம் சமைக்கிற இடத்தில் வெட்டுக்கத்தி வாங்கி வந்து இரண்டாகப் பிளந்தான். ஒரு பாதியை எடுக்கக் கையை நீட்டினேன்.

"எட்டி, எண்ணெ தேச்சிட்டு தொடு. பசை பிடிச்சா போவாது."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசினான். மறு பாதியை அவன் பக்கம் தள்ளினேன். மறுக்காமல் எடுத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் இருவரும் சமாதானமாக வக்கீலைப் பார்க்கப் போனோம். விளையை நேர் பாதியாக எழுதச் சொன்னோம். மரத்தில் வந்து அவர் பேனா நின்றது.

"இது பார்ட்டிபிள் இல்ல கேட்டியளா. யாருக்கு எழுதணும்?"

"தங்கச்சிக்கு எழுதுங்க சாரே," என்றான் அண்ணன். "சக்கை வெட்ட நான் வாறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "பாதி நீ கொண்டு போணும்," என்றேன்.