வேலிக்கு வெளியே நிறுத்தினாள்

கோட்டைக்குப்பத்துக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. பங்குனி வெயிலில் மணல் கொதித்தது. என் மகள் பொன்னி வேலிக்கு உள்ளே காய்ச்சலில் கிடந்தாள். வேலிக்கு வெளியே நான். அன்றைய நிலைமை அதுதான்.

எல்லையம்மனை நம்புகிற உங்களிடம் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நான் மூட்டை சுமக்கிறவன். கொஞ்ச காலம் மணலில் எழுத்துப் படித்தேன். அதற்குமேல் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பழவேற்காட்டில் ஒல்லாந்து வெள்ளைக்காரர்களின் கோட்டைக்குத் துணிப்பொதி சுமந்து ஊர் ஊராகத் திரிந்தேன். குப்பத்தில் கன்னியம்மாவைக் கட்டிய பிறகும் அப்படித்தான்.

மாசியில் பழவேற்காட்டுக்குள் அம்மை வந்தது. முதலில் காப்புக் கட்டியது எங்கள் குப்பம். திருவிழாவுக்குக் கட்டுவது போலவே கையில் மஞ்சள் கயிறு, எல்லையில் வேப்பிலைத் தோரணம். காப்பு அவிழ்க்கும்வரை உள்ளே இருப்பவர் வெளியே போகக்கூடாது, வெளியார் உள்ளே வரக்கூடாது. நகரத்துத் தெருக்களும் அதைப் பார்த்துக் கட்டிக்கொண்டன. ஒல்லாந்தரும் கோட்டைக் கதவை அடைத்து, பாதைகளில் காவல் வைத்தார்கள். அம்மை அடங்கியது. சுற்றியுள்ள ஊர்களில் பழவேற்காட்டைப் புகழ்ந்து பேசினார்கள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

துறையில் கப்பல் காத்திருந்தது. காற்று மாறுவதற்குள் பொதி ஏற வேண்டும் என்று வியாபாரிகள் பறந்தார்கள். அம்மை தணிந்தவருக்கு மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் தாய் விடைபெற்றாள் என்று அர்த்தம். நகரத்தில் கடைசி நோயாளிக்கு முதல் தண்ணீர் ஊற்றியதுமே மேளம் கொட்டிக் காப்பை அவிழ்த்தார்கள். குப்பமும் அவிழ்த்தது. அன்றே நான் திருப்பாலைவனம் பக்கம் பொதி எடுக்கக் கிளம்பிவிட்டேன்.

திரும்பி வந்தபோது அம்மையும் திரும்பி வந்திருந்தது, முன்பைவிட உக்கிரமாக. பாடை போகாத தெரு இல்லை. குப்பத்து எல்லையில் ஈச்சமுள்ளை வெட்டிப் போட்டு மறித்திருந்தார்கள். அந்தப் பக்கம் கன்னியம்மாவின் தம்பி வேலு நின்றான்.

"மாமா, அங்கியே நில்லு. பாப்பா மேல அம்மா எறங்கியிருக்கா."

"எம் பொண்ணுடா. வழிய உடு."

"தெருத்தெருவா மிதிச்ச காலோட வந்து அவ கோவத்தக் கெளப்பாத. ஊட்ல தங்குனு சொன்னப்பல்லாம் ஓடுன. இப்ப வர்றியா?"

"குடிக்க இன்னாடா குடுக்கறீங்க?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இன்னாத்தக் குடுக்கறது? கெணறு உப்பாயிட்ச்சி. நல்ல தண்ணிக்குப் போற பொம்பளைங்கள காவக்காரன் உடல. தண்ணி தண்ணினு கேட்டுகினே கீது."

அதற்குப் பிறகுதான் நடந்தேன். உட்கார்ந்து கும்பிட என்னால் முடிந்ததே இல்லை. நடந்தபடியே தாயிடம் சண்டை போட்டேன். "எம் புள்ள மேல எறங்குன. என்ன ஏன் வெளிய நிறுத்துன? அவளுக்கு நாக்கு வறளுது. ஒரு வாய் நல்ல தண்ணி குடு. வேற எதுவும் கேக்கல." திரும்பத் திரும்ப இதையேதான் சொன்னேன். அழுதேன். அழுகை நின்ற பிறகும் வாய் சொல்லிக்கொண்டே இருந்தது.

ஏரிக்கரையில் தோணிரேவுத் துறை வந்தது. கரையோரம் ஒரு படகு, அது நிறைய வெறும் பானைகள். முகமெல்லாம் அம்மை வடு உள்ள ஒருவர் அதில் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அவர் பெயர் நாகையன் என்று பிறகு தெரிந்தது.

"யாருப்பா அது, ஆவி மாரி போறது? படகுக்குக் கோல் போடத் தெரியுமா?"

"சுமாரா."

"அது போதும். கூட இருந்தவன் பயந்து ஓடிட்டான். எனக்கு எப்பவோ வந்துட்டுப் போய்ட்டா, இனிமே எங்கிட்ட அவளுக்கு வேல இல்ல. காவலெல்லாம் பாதையிலதான். ஏரிய எவன் மறிக்கிறது? அடைச்சுக் கெடக்கிற குப்பத்துக்கெல்லாம் நல்ல தண்ணி எடுத்தும்போணும். காத்தால கெளம்பணும். கூலி சோறுதான்."

"கோட்டைக்குப்பம் போவீங்களா?"

"மொதல்ல அங்கதான்."

 அப்படியே ஈர மணலில் உட்கார்ந்தேன். நாகையன் சிரித்தார். "இன்னாப்பா, வேல செய்யறதுக்கு முன்னாடியே குந்திட்ட?"

வேலு என்னை உள்ளே விட்டிருந்தால் நானும் வறண்ட தொண்டையோடு மகள் பக்கத்தில் கிடந்திருப்பேன். தாய் என்னை வெளியே நிறுத்தியது எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது.

பொன்னி பிழைத்தாள். மூன்று தண்ணீரும் ஊற்றியதைப் படகில் நின்றபடி பார்த்தேன். வேலு பிழைக்கவில்லை. ஏன் என்று தாயிடம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இந்த ஏரியை விட்டு நான் எங்கும் போகவில்லை. கால் பரபரக்கும்போது கோலை எடுக்கிறேன். உங்களில் யாருக்காவது வீடு அடைபட்டு, மனம் ஒடிந்து கிடந்தால் அவளிடம் கேளுங்கள். நடந்தபடி கேளுங்கள், கோபமாக இருந்தால் கோபமாகவே கேளுங்கள். எனக்குக் கொடுத்தவள் உங்களுக்கும் கொடுப்பாள்.

நாகையனைக் கண்டதற்கு மறுநாள் காலை அக்கரைக் கிணற்றில் பானைகளை நிரப்பிக்கொண்டு கோட்டைக்குப்பம் கரைக்கு வந்தோம். முழங்கால் தண்ணீரில் பானைகளை இறக்கி வைத்துவிட்டு, கோலை ஊன்றிப் பின்வாங்கினோம். கன்னியம்மா இறங்கி வந்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய், குடிசைக்குள் குனிந்து நுழைந்தாள்.

"பாத்துகினே நிப்பியா? அடுத்த குப்பத்துலயும் தண்ணிக்கு நிக்கறாங்க. ஊனுப்பா" என்றார் நாகையன்.

ஊன்றினேன்.